கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்

அந்த ஊரில் அவளைப் பிடிக்காதவர்களை எண்ணத் தொடங்கினால் பொழுது போய்விடும். பிடித்தவர்களை எண்ணுவது சுலபம். ஒரே ஒருவர், அவளுடைய வீட்டுக்காரர். அவருக்கும் வாரத்தின் எல்லா நாளும் பிடித்தது என்று சத்தியம் செய்ய முடியாது.

பெயர் என்று ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. ஊருக்கு அவள் அவுட்டக்கா. வார நாட்களில் டவுன் பஸ்களில் டிக்கெட் பரிசோதகர், சனி ஞாயிறில் பேஸ்பால் அம்பயர். ஊராரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள இந்த இரண்டில் ஒன்றே போதும். அவள் இரண்டையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள், அதுவும் சந்தோஷமாக.

அவள் ஏறிவிட்டால் பஸ்ஸில் பேச்சு நின்றுவிடும். டிக்கெட் வாங்கியவர்களுக்கும் சந்தேகம் வந்துவிடும். பையைத் துழாவுவார்கள், சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் அது கையிலேயே இருக்கும். அவள் குரலை உயர்த்துவதே இல்லை. 'டிக்கெட்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஒரு தடவை அகப்பட்டவன் அவளுடைய சொந்தக் கொழுந்தன். "அண்ணி, நான்தான்," என்று இளித்தான். "தெரியுது. டிக்கெட் எங்க?" என்றாள். அபராதம் கட்டிவிட்டு நடுவழியில் இறங்கிப்போன கொழுந்தன் அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வீட்டுக்காரர் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பசி வந்து பேசிவிட்டார்.

அம்பயர் ஆனதும் ஒரு வம்பில்தான். பஸ் டெப்போவின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மைதானம். வேலை முடிந்து குறுக்கு வழியாக நடந்து போனவளை, சட்டைக் காலரைப் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேஸ்பால் கோஷ்டிகள் மறித்தன. "அக்கா, நீங்க பாத்தீங்கல்ல? நீங்களே சொல்லுங்க." அவள் யோசிக்கக்கூட இல்லை. "அவுட்," என்றாள். யாருக்கு எதிராகச் சொன்னாளோ அவன் அந்த வட்டாரத்துக் கவுன்சிலரின் மகன். அன்றைக்கு ஒட்டிய பட்டப்பெயர் பிறகு உரியவே இல்லை. அடுத்த வாரமே ஒரு விதிப்புத்தகம் வாங்கி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் படித்தாள். ஊர் அவளைத் திட்டும், ஆனால் பெரிய ஆட்டம் என்றால் அவளைத்தான் கூப்பிடும். திட்டுவதற்குத் தோதாக ஒருத்தி வேண்டாமா?

அந்தப் புத்தகத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இருந்தது. அதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. பேஸ்பாலில் ஓடுகிறவன் மூன்று பேஸ்களையும் வரிசையாக மிதித்துவிட்டுக் கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே, ஹோமுக்கு, வந்து சேர வேண்டும். சேர்ந்தால் ஒரு ரன். அவசரத்தில் ஒரு பேஸை மிதிக்காமல் தாண்டிவிட்டால் அவன் அவுட்தான். ஆனால் அதைக் கண்ணால் பார்த்த அம்பயர் தானாக வாயைத் திறக்கக் கூடாது. எதிரணியில் யாராவது பந்தோடு போய் அந்த பேஸை மிதித்து, "இவன் இதை மிதிக்கல, அவுட்டா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டால் பார்த்ததை விழுங்கிவிட வேண்டும். ஆட்டத்தை முடிக்கிற கடைசி ஓட்டமாக இருந்தால் அதற்கும் ஒரு கெடு உண்டு. பந்து எறிந்தவனும் பேஸ்களையும் அவற்றின் நடுவையும் காத்து நின்றவர்களும் ஆடுகளத்தின் ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி வெளியே போகும் வரைக்கும் கேட்கலாம். அவர்களில் கடைசி ஆள் தாண்டிவிட்டால் அதோடு தீர்ந்தது.

கேட்டால் சொல், கேட்காவிட்டால் பேசாதே. அவளுக்கு இது வேதவாக்கு. பஸ்ஸில் அவள் எல்லாரையும் கேட்பாள். மைதானத்தில் அவளை யாராவது கேட்க வேண்டும். இரண்டிலும் தனக்கு நடுவில் ஒரு வேலையும் இல்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

அவர்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டு வயதில் அவள் ஊர்ச் சிறுவர் அணியில் இரண்டாவது பேஸைக் காத்தாள். பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண், வாயும் கையும் ஒரே வேகம். அந்த வருஷத்து இறுதி ஆட்டத்துக்கு அம்மாதான் அம்பயர். அம்மா அம்பயராக நின்றால் மகள் அணிக்குச் சாதகம் ஆகிவிடாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளைத் தெரிந்தவர் யார் கேட்பார்கள்?

கடைசி இன்னிங்ஸில் எதிரணிப் பையன் ஒருவன் மூன்றாவது பேஸை ஓரமாகத் தாண்டி, மிதிக்காமலே ஹோமுக்கு ஓடிச் சேர்ந்தான். ஆட்டம் முடிந்தது. மகளின் அணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதது. அவுட்டக்கா மூன்றாவது பேஸ் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து கோட்டைத் தாண்டிப் போனார்கள். கடைசியாகப் போனது மகள், மூக்கைக் கையுறையில் துடைத்துக்கொண்டே. தோற்றவர்களை அம்மா நின்று வேடிக்கை பார்க்கிறாள் என்று அவள் நினைத்தாள். மகளின் கால் கோட்டைத் தாண்டியதும் அம்மா நகர்ந்தாள்.

இதுவரைக்கும் அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. விதி விதிதான். அவள் செய்த முட்டாள்தனம் வீட்டில் நடந்தது. மத்தியானம் சாப்பிடும்போது, உப்பு கம்மி என்று சொல்கிற குரலில் சொன்னாள்:

"அந்தப் பையன் மூணாவது பேஸை மிதிக்கவே இல்ல."

மகளின் கை தட்டில் நின்றது. "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மைதானத்தில் பூட்டி வைத்த வாயை ஏன் சாப்பாட்டு மேஜையில் திறந்தாள்? அடுத்த தடவையாவது மகள் கேட்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தாளாம். பாசத்தில்தான் சொன்னாள். அவளுடைய பாசம் எப்போதும் இப்படி ஒரு ஆணியோடுதான் வரும். மகள் தட்டை அம்மா பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். வீட்டுக்காரர் மட்டும் இரண்டு பேர் சாப்பாட்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

முதலில் 'ஆமா', 'இல்ல' என்று பதில் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் தேய்ந்து நின்றது. மகளுக்கு வேலை கிடைத்ததும் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வீட்டுக்காரரின் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. தபால் வேலை அவர் தலையில் விழுந்தது.

"மழைக் கோட்டு இல்லாம சுத்தறாளாமே, அறிவிருக்கான்னு கேளுங்க," என்பாள் அம்மா.

"நனைஞ்சா ஜுரம் வரும்னு அம்மா கவலப்படறா," என்று போய்ச் சொல்வார் அவர்.

"அவங்க கவலைய அவங்க பஸ்ல போற ஆளுங்க மேல காட்டச் சொல்லுங்க," என்பாள் மகள்.

"பத்திரமா இருக்கேன்னு சொல்லச் சொன்னா," என்று திரும்பி வருவார் அவர். கிரீஸ் கறை படிந்த கையோடு அவர் சொல்கிற ஒரு வார்த்தையையும் இரண்டு பேரும் நம்பவில்லை. ஆனாலும் தினமும் காத்திருந்து கேட்டுக்கொண்டார்கள்.

பதினைந்து வருஷம் இப்படியே ஓடியது. அவுட்டக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகள் அந்த வாசல்படி ஏறி வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். 'நீ செஞ்சது தப்பில்லம்மா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தானாகப் போய்க் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் ஊரையே கேட்கிறவளுக்கு இது மட்டும் கேட்க வரவில்லை.

மகள் இதற்குள் அதே சிறுவர் அணிக்குக் கோச் ஆகியிருந்தாள். பிள்ளைகளுக்கு அவள் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதுதான்: "மிதிச்சானா இல்லையான்னு சந்தேகம் இருந்தா கேளு. இல்லன்னாலும் கேளு. கேக்காம ஒருத்தனும் கோட்டைத் தாண்டக் கூடாது." இதைத் தபால்காரர் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் வீட்டில் ஒப்பித்தார். அவுட்டக்கா அடுப்பைத் துடைத்தாள், அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

அந்த வருஷம் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் சர்வதேசப் பேஸ்பால் போட்டி அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. தெருவெல்லாம் கொடி கட்டினார்கள். 'உலகக் குழந்தைகளை வரவேற்கிறோம்' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டார்கள். உலகக் குழந்தைகள் வந்து இறங்கியதும் ஊரின் விருந்தோம்பல் தெரிந்தது. வெளியூர்ப் பிள்ளை பந்தைத் தவறவிட்டால் ஊளையிட்டார்கள், அழுதால் கைதட்டினார்கள். பல் விழுந்து முளைத்து முடியாத பிள்ளையைப் பார்த்து நரைத்த தலைகள் விசிலடித்தன. வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்களுடைய பெற்றோர் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிக் காதைக் கிழித்தார்கள். துணியில் எழுதிய வரவேற்பு காற்றில் சுருண்டது, யாரும் அதை நிமிர்த்தவில்லை.

ஊர் அணி எப்படியோ இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. கிளப் செயலாளர், வெற்றிலை போடாமலே வாய் சிவந்தது போல எப்போதும் கத்திக்கொண்டிருப்பவர், மகளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஜெயிச்சா நீதான் கோச்சு. தோத்தா வேற ஆளப் பாத்து வச்சிருக்கேன், ஆம்பள ஆளு." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

இறுதி ஆட்டத்தன்று காலை மூன்றாவது பேஸுக்கு நியமித்திருந்த வெளிநாட்டு அம்பயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் ஒரு அறை, ஈரத் துண்டும் பெயிண்டும் நாறும் அறை. அதில் போட்டி அதிகாரி, எதிரணி மேனேஜர், அவருடைய மொழிபெயர்ப்பாளர், கிளப் செயலாளர் நால்வரும் கூடினார்கள். தகுதியுள்ள அம்பயர் பக்கத்தில் ஒருத்திதான் இருக்கிறாள் என்றார் அதிகாரி.

செயலாளர் துள்ளினார். "யார வேணும்னாலும் போடுங்க சார். அந்தப் பொம்பள மட்டும் வேணாம். ஊருக்கே ஆகாதவ."

மொழிபெயர்ப்பாளர் இதைக் காதில் ஓதியதும் எதிரணி மேனேஜர் ஊருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "அப்படின்னா அவங்கதான் வேணும்கிறார்."

"ஊர் அணிக் கோச்சு அவங்க மகதாங்க," என்றார் அதிகாரி, நேர்மையான மனிதர்.

மேனேஜரின் சிரிப்பு மறைந்தது. அதிகாரி செயலாளர் பக்கம் திரும்பினார். "அம்மாவும் மகளும் எப்படி? பேசிக்குவாங்களா?"

செயலாளர் வாழ்க்கையில் எப்போதாவது உண்மை பேசுவார். "பதினஞ்சு வருஷமா இல்ல சார்."

அதோடு நடுநிலை உறுதியாகிவிட்டது.

ஊர் அணி பேட் செய்யும்போதெல்லாம் கோச் மூன்றாவது பேஸ் ஓரத்தில் நின்று, ஓடி வரும் பிள்ளைகளுக்குக் கை காட்ட வேண்டும். மூன்றாவது பேஸ் அம்பயரும் அங்கேதான். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு கிட்டத்தில் அம்மாவும் மகளும் நின்றார்கள். மகள் வலது பக்கம் பார்த்தாள், அம்மா இடது பக்கம் பார்த்தாள். வீட்டுக்காரர் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு உட்கார்ந்து, யார் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் கடலையைத் தின்று தீர்த்தார்.

"அவுட்டக்கா! இன்னைக்கு ஒரு நாளாவது சொந்த ஊர்ல பொறந்தவளா நில்லு!" என்று மேலேயிருந்து ஒரு குரல்.

"அவ பஸ்லதான் பொறந்தா, டிக்கெட் இல்லாம!" என்று இன்னொன்று. சிரிப்பு அலையாக இறங்கியது. அவள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

இரண்டாவது இன்னிங்ஸிலேயே ஊர்ப் பையன் ஒருவன் மூன்றாவது பேஸுக்குச் சறுக்கி வந்து விழுந்தான். பந்து ஒரு நொடி முந்தியது. அவள் கையை மடக்கிக் காட்டினாள். அவுட். தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. ஒன்று அவள் முதுகில் பட்டு உருண்டது. மகள் வானத்தைப் பார்த்துச் சொன்னாள், "சில பேரு கண்ணுக்கு ஊருக்கு எதிராத்தான் எல்லாம் தெரியும்." அது அம்மாவைப் பார்த்துச் சொன்னதல்ல. ஆனாலும் பதினைந்து வருஷத்தில் தபால்காரர் இல்லாமல் நேராக வந்த முதல் பேச்சு அதுதான். அவுட்டக்கா அதைக்கூட உள்ளே பத்திரப்படுத்திக்கொண்டாள். அதை நினைத்தால் எனக்கே அவள் மேல் இரக்கம் வருகிறது.

நாலாவது இன்னிங்ஸில் எதிரணிப் பையனுக்கு அதே கை. அவர்களுடைய மேனேஜர் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி வந்து அவள் மூக்குக்கு நேராக நின்று கத்தினார். பாஷை புரியவில்லை. திட்டுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? எச்சில் அவள் கன்னத்தில் தெறித்தது. அவள் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, பேஸைச் சுட்டிக்காட்டி, "அவுட்," என்றாள். இரண்டு தரப்பும் சரிசமமாகத் திட்டிய பிறகுதான் அவளுக்கு ஆட்டம் ஒழுங்காக நடக்கிறது என்ற திருப்தி வந்தது.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு அணிக்கும் சமமான ரன். ஊர் அணி பேட் செய்கிறது. முயல் என்று கூப்பிடுகிற சின்னப் பையன் இரண்டாவது பேஸில் நிற்கிறான். அவன் ஹோமுக்கு வந்துவிட்டால் கோப்பை. அடித்தவன் பந்தை வலது பக்கமாகத் தூரத்துக்கு அனுப்பினான். முயல் ஓடினான். மகள் இரண்டு கையையும் சுழற்றி, "போ, போ, நிக்காத!" என்று அலறினாள். அவள் கண் தூரத்தில் பந்தைப் பொறுக்குகிறவன் மேல். மூன்றாவது பேஸைக் காத்த எதிரணிப் பையனின் கண்ணும் அங்கேதான். மேனேஜர் கண், கூட்டத்தின் கண், எல்லாம் பந்தின் மேல். பந்தைப் பார்க்காதவள் ஒருத்திதான். அவளுடைய வேலை காலைப் பார்ப்பது.

முயலின் கால் பேஸுக்கு உள்பக்கமாக மண்ணில் பதிந்தது. பேஸைத் தொடவில்லை.

அவன் புழுதி கிளப்பிச் சறுக்கி ஹோமில் விழுந்தான். அங்கே நின்ற தலைமை அம்பயர் கைகளை விரித்தார். சேஃப், ரன் சேர்ந்தது. மைதானம் வெடித்தது. மகள் பிள்ளைகளைப் பார்த்து ஓடினாள், அவர்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து குவிந்தார்கள். மேலேயிருந்து செருப்பு, தொப்பி, குடை எல்லாம் பறந்தன. வீட்டுக்காரர் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

அவுட்டக்கா நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். கெடு இன்னும் முடியவில்லை.

எதிரணிப் பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறத் தொடங்கினார்கள். பந்து எறிந்தவன் கோட்டைத் தாண்டினான். முதல் பேஸ்காரன் தாண்டினான். இரண்டாவது, மூன்றாவது. ஒருவன் மட்டும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் பையன், ஒல்லியாக, காது பெரிதாக, மண்ணில் மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். அவன் உள்ளே இருக்கிற வரைக்கும் ஆட்டம் உயிரோடு இருந்தது. அவன் பந்தோடு வந்து அந்த பேஸை மிதித்துக் கேட்டால் போதும். விரலை நீட்டிக் காட்டினால்கூடப் போதும்.

அவன் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். எல்லாரும் குதிக்கிற இடத்தில் இந்தக் கிழவி ஏன் மரம் மாதிரி நிற்கிறாள் என்று பார்த்தானோ என்னவோ. அவள் அவனைப் பார்த்துவிட்டு மூன்றாவது பேஸைப் பார்த்தாள். விதிப்புத்தகத்தில் பார்க்கக் கூடாது என்று எழுதவில்லை. பையனும் பேஸைப் பார்த்தான். அவன் நெற்றி சுருங்கியது.

அந்த நேரத்தில்தான் மகள் குவியலிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

ஊரே துள்ளும்போது அசையாமல் நிற்கிற அம்மாவைப் பார்த்தாள். பிறகு பேஸை. பிறகு மண்டியிட்ட பையனை. அவள் சிரிப்பு அடங்கியது. தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். பையன் பக்கத்தில் குத்திட்டு உட்கார்ந்தாள். தன் சட்டைக் கையால் அவன் முகத்தைத் துடைத்தாள். தோளில் கை போட்டு எழுப்பினாள். கூட்டத்தின் கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். ஊளையிட்ட நரைத்த தலைகள்கூட எழுந்து நின்று தட்டின. எதிரணிப் பெற்றோர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு ஓடி வந்தார்கள்.

கோட்டுக்கு ஓரடி இருக்கும்போது பையன் நின்றுவிட்டான். திரும்பினான். கையுறையை மண்ணிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். ஒரு கால் திரும்பவும் உள்ளே போனது.

"தம்பி," என்றாள் அவுட்டக்கா.

அம்பயராக நின்ற காலமெல்லாம் யாரும் கேட்காமல் அவள் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். பையன் அவளைப் பார்த்தான். பாஷை தெரியாத பிள்ளை. அவள் உதடு இன்னொரு வார்த்தைக்குக் கூடியது. மகள் அம்மாவை நேருக்கு நேர் பார்த்தாள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு கண்ணும் கண்ணும் சந்தித்தன, அதில் கெஞ்சல் ஒரு துளியும் இல்லை. பேசித்தான் பாரேன் என்று இருந்தது அந்தப் பார்வை. அவுட்டக்காவின் வாய் மூடிக்கொண்டது.

"நீ போ கண்ணு, நான் எடுத்துட்டு வரேன்," என்றாள் மகள். பையனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டு, தானே ஓடிப்போய்க் கையுறையை எடுத்து, மண்ணைத் தட்டி, அவன் கையில் கொடுத்தாள். கைதட்டல் வானத்தைப் பிளந்தது.

மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் அந்தப் படம்தான். வெளிநாட்டுப் பிள்ளையின் தோளில் கை போட்டு நடக்கும் கோச். 'வெற்றியிலும் கனிந்த தாய்மனம்' என்று தலைப்பு. அவளுக்குக் குழந்தை கிடையாது என்பதை யாரும் விசாரிக்கவில்லை. செயலாளர் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, கையைப் பின்னால் கட்டிய ஒரு முதுகும் தெரிந்தது.

மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரருடைய செருப்பு இல்லை. அவுட்டக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். மகள் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்து, பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பசிக்குது," என்றாள்.

வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்திரிகையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார், கோப்பையை வாங்கித் தன் சட்டையால் துடைத்தார். "தாய் எட்டடி பாஞ்சா குட்டி பதினாறடி பாயும்னு சும்மாவா சொன்னாங்க!" என்று இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். "இருங்க, அக்கம்பக்கத்துல காட்டிட்டு வந்துடறேன்." தபால்காரருக்கு அன்றிலிருந்து வேலை இல்லை என்ற சந்தோஷத்தில் ஓடினார்.

அவுட்டக்கா தட்டை வைத்துப் பரிமாறினாள். மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"அவன் மிதிச்சானா இல்லையான்னு நான் பாக்கல. என் கண்ணு பந்து மேல இருந்தது. திரும்பிப் பாத்தா எல்லாரும் குதிக்கறாங்க, நீ மட்டும் நிக்கற. அன்னைக்கு நின்ன மாதிரியே. புரிஞ்சுபோச்சு."

"அந்தப் பிள்ள..." என்று தொடங்கினாள் அம்மா.

"அழுதுட்டு இருந்தான். கூட்டிட்டு வந்து விட்டேன். எந்த விதியில தப்பு?"

எந்த விதியிலும் தப்பில்லை. அம்மாவுக்குத்தான் அது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

"அவங்க யாரும் கேக்கல," என்றாள் மகள். "கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப." இன்னொரு வாய் சாப்பிட்டாள். "அன்னைக்கு நீ செஞ்சது தப்பில்லம்மா. எனக்குத்தான் அப்ப புரியல."

எந்த வார்த்தைக்காகப் பதினைந்து வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அந்த வார்த்தை வந்துவிட்டது, ஒரு எழுத்து குறையாமல். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கோட்டு ஓரத்தில் கையுறைக்காகத் திரும்பிய அந்த ஒல்லிக் காலும், மூக்கைத் துடைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிய பன்னிரண்டு வயது மகளின் காலும் ஒன்றாகவே தெரிந்தன. அன்றைக்கும் தப்புதான் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. விதி சரி, நின்றது சரி, மற்ற எல்லாம் தப்பு. அதைச் சொன்னால் மகள் எழுந்து போய்விடுவாள், திரும்ப வரமாட்டாள். அதுவும் தெரிந்தது.

மகள் நிமிர்ந்தாள். "என்னம்மா அப்படிப் பாக்கற? ஏதாவது சொல்லணுமா?"

கேட்டுவிட்டாள். கெடு முடிவதற்கு முன்னால், நேராக, அவளையே பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் அவுட்டக்கா. "இன்னும் கொஞ்சம் போடட்டா?"

மகள் தட்டை அம்மா பக்கமாகத் தள்ளினாள். அவள் இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டாள்.